ராத்திரி முடிவெடுத்து ரேஸ் டீம் பார்க்கக் கிளம்புவது எப்படி? டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடையில் யாராவது ஒருவர் கைபேசியை நீட்டி, "நாளைக்குக் கோயம்புத்தூர்ல ரேஸாம், போவோமா?" என்று கேட்பார். டெல்டாவிலிருந்து கிளம்பும் ரேஸ் பயணங்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. மாதக்கணக்கில் திட்டம் போட்ட பயணம் கடைசி நேரத்தில் ஒருவர் வீட்டு விசேஷத்தால் கலைந்துபோகும். டீக்கடையில் முடிவானது நடந்துவிடும்.

ஆனால் திட்டமில்லாமல் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். "ரேஸ் டீமின் தலைமையகத்தைப் பார்க்க வேண்டும்" என்று கிளம்பி, பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அது நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. முதல்முறை போகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஏற்கெனவே போய் வந்தவர்கள் பயணம் பற்றிய பகுதியைத் தாண்டிவிடலாம்.

முதலில் கிழமையைப் பாருங்கள்

ஒரு ரேஸ் டீமுக்கு இரண்டு வீடு. ஒன்று ஊருக்குள் இருக்கும் பட்டறை. லேத், வெல்டிங், இன்ஜின் பிரிக்கும் மேசை எல்லாம் அங்கேதான். இன்னொன்று பந்தயம் நடக்கும் மூன்று நாள் மட்டும் டிராக்கில் முளைக்கும் வீடு. வெள்ளிக்கிழமைக்கு முன்பே லாரி கிளம்பிவிடும். காரும் மெக்கானிக்குகளும் டயர்களும் கருவிப்பெட்டிகளும் அதோடு போய்விடும். ஆகவே பந்தய ஞாயிறன்று பட்டறைக்குப் போனால் காவலாளியும் ஒரு நாயும்தான் இருப்பார்கள். சாதாரணப் புதன்கிழமை டிராக்குக்குப் போனால் வெறும் தார்ச்சாலையைத்தான் பார்க்கலாம்.

திட்டமில்லாமல் கிளம்புகிறவருக்கு என் யோசனை இதுதான்: பந்தய வார இறுதியைப் பிடியுங்கள், பட்டறையை மறந்துவிடுங்கள். பட்டறைக்கு முன் அனுமதி வேண்டும். டிராக்கில், பந்தய நாளில், டீமே உங்கள் கண்ணெதிரே பிரித்துப் போட்டு வேலை செய்துகொண்டிருக்கும். பட்டறையில் ஒரு வாரத்தில் நடப்பது அங்கே ஒரு மணி நேரத்தில் நடந்து முடியும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். இத்தாலியில் மரனெல்லோ ஊருக்குப் போகிறவர்கள் ஃபெராரி அருங்காட்சியகத்தைப் பார்க்கிறார்கள். தொழிற்சாலைக்குள் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. இங்கிலாந்தில் வோக்கிங் நகரத்தில் இருக்கும் மெக்லாரன் தலைமையகம் கட்டடக் கலைக்கே பேர்போனது. அதையும் டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்த்துவிட முடியாது. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் முதல் இந்தியராக ஓட்டியது ஜோர்டான் அணிக்கு. சில்வர்ஸ்டோன் டிராக்கை ஒட்டி இருந்த அந்த டீமின் இடம் பிறகு மிட்லண்ட், ஸ்பைக்கர், ஃபோர்ஸ் இந்தியா, ரேசிங் பாயின்ட் என்று கை மாறி, இப்போது ஆஸ்டன் மார்ட்டின். பெயர்ப்பலகை இத்தனை தடவை மாறியும் கேட் மட்டும் வழிப்போக்கர்களுக்குத் திறக்கவில்லை. அதனால் கோவைப் பக்கத்துச் செட்டிப்பாளையம் டிராக்கில் ஒரு மெக்கானிக் "வாங்க, பாருங்க" என்று சொன்னால், அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கே போவது?

டெல்டாவிலிருந்து ஒரே நாளில் போய்வரும்படி இரண்டு டிராக்குகள் இருக்கின்றன.

ஒன்று, கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே. 2003-ல் திறந்தது, ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். சின்ன டிராக்தான், ஆனால் பார்க்க வருகிறவனுக்கு அதுவே வசதி. நின்ற இடத்திலிருந்தே நிறைய வளைவுகள் கண்ணில் படும். போன கார் சீக்கிரம் திரும்பி வரும். பெயரில் இருக்கும் 'கரி' என்பது எஸ். கரிவர்தன். கோவையின் ஆலை அதிபர் குடும்பத்தில் பிறந்து, தானே ஓட்டி, தானே கார் கட்டியவர். மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை காரை உருவாக்கி, நடுத்தர வசதி உள்ளவர்களும் பந்தயத்துக்கு வரலாம் என்று வழி திறந்தார். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். இன்று கோவையில் இவ்வளவு ரேஸ் பட்டறைகள் இருப்பதற்கு அவர் ஒரு காரணம். இன்னொரு காரணம் ஊரே பட்டறை ஊர் என்பது. பம்பு, மோட்டார், ஆலை இயந்திரம், வார்ப்பு என்று எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கும் ஊரில், உடைந்த சஸ்பென்ஷன் கையை ராத்திரியோடு ராத்திரியாகச் செய்து கொடுக்கவும் ஆள் கிடைப்பார்.

இன்னொன்று, சென்னைக்கு வெளியே ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் இருங்காட்டுக்கோட்டை. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக் அது. 1990-ல் திறந்தது, சுற்று 3.7 கிலோமீட்டர். அதற்கு முன் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. உங்கள் வீட்டுப் பெரியப்பா, சித்தப்பா யாராவது அந்தக் காலத்தில் சென்னையில் படித்திருந்தால் கேட்டுப் பாருங்கள். சோழவரத்துக்கு ஒருமுறையாவது போயிருப்பார், சொல்வதற்கு ஒரு மணி நேரக் கதை வைத்திருப்பார்.

எது நல்லது? தஞ்சாவூர், மன்னார்குடி, திருவாரூர் பக்கத்து ஆட்களுக்குச் செட்டிப்பாளையம். மயிலாடுதுறை, சீர்காழி பக்கத்தவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை. கும்பகோணத்துக்காரர் எந்தப் பக்கமும் போகலாம். முதல்முறை என்றால் செட்டிப்பாளையம்தான் என் ஓட்டு, டிராக் சின்னது என்பதற்காகவே.

ஓசூரைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. டிவிஎஸ் ரேசிங் 1982-லிருந்து இயங்கும் டீம், தாய்க் கம்பெனியின் ஆலை ஓசூரில். ஆனால் அது பைக் தயாரிப்பு நடந்துகொண்டிருக்கும் இடம். அழைப்பில்லாமல் போனால் வாசலிலேயே நின்றுவிட வேண்டியதுதான். அவர்கள் பைக்குகளையும் டிராக்கில் பாருங்கள்.

அப்புறம், யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று. திருச்சி, தஞ்சாவூர் வட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் மாணவர்களே கார் கட்டும் டீம்கள் உண்டு. கல்லூரிக்குப் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் பாதி முடிந்த ஒரு கார். அந்த மாதிரி டீம்கள் மோதும் ஃபார்முலா பாரத் போட்டியும் செட்டிப்பாளையத்தில்தான் நடந்துவருகிறது, ஜனவரியில். சொந்தக்காரப் பையன் யாராவது அப்படிப்பட்ட கல்லூரியில் படித்தால், 'தலைமையகம்' பார்க்க 270 கிலோமீட்டர் போகவே வேண்டாம். அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு போல்ட்டையும் ஏன் அங்கே வைத்தோம் என்று சலிக்காமல் சொல்வார்கள். பெரிய டீமில் யாருக்கும் அவ்வளவு பொறுமை இருக்காது.

கிளம்புவதற்கு முன் ஒரு போன்

பந்தயம் உண்மையிலேயே இந்த வாரம்தானா என்று உறுதி செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தில் போன வருஷத்துத் தேதி இருக்கும். டிராக், பந்தயத்தை நடத்தும் கிளப், டயர் கம்பெனிகளின் சமூக ஊடகப் பக்கங்களில் அன்றைய நேர அட்டவணையே கிடைக்கும். பயிற்சியும் தகுதிச்சுற்றும் பெரும்பாலும் வெள்ளி, சனியில் முடிந்துவிடும். முக்கியமான பந்தயங்கள் ஞாயிறு. உள்ளே போகக் கட்டணம் உண்டா, பாஸ் வேண்டுமா என்பது ஒவ்வொரு பந்தய வார இறுதிக்கும் மாறும், அதையும் அங்கேயே பாருங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் மட்டும் வண்டியை எடுக்காதீர்கள்.

போகும் வழி

ரயில்தான் முதல் யோசனை. மன்னார்குடியிலிருந்து செம்மொழி எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பி நீடாமங்கலம், தஞ்சாவூர், திருச்சி, கரூர், ஈரோடு, திருப்பூர் வழியாக விடிவதற்கு முன்பே கோவையில் கொண்டுபோய் விட்டுவிடும். சனிக்கிழமை சாயங்காலம் முடிவெடுத்தவருக்கு இதைவிடத் தோதான வண்டி இல்லை. படுக்கை டிக்கெட்? அந்த நேரத்துக்குத் தட்கலும் தீர்ந்திருக்கும். தட்கல் முந்தின நாளே, ஏசிக்குக் காலை 10 மணிக்கும் ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கிறது. ஆகவே முன்பதிவில்லாப் பெட்டிதான். தஞ்சாவூரில் ஏறுகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். மன்னார்குடியிலேயே ஏறினால் கிடைத்துவிடும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. திரும்பும் செம்மொழி கோவையில் நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகிறது. நாம் 'ஞாயிறு ராத்திரி' என்று நினைப்பது டிக்கெட்டில் திங்கள்கிழமையாக இருக்கும். ஞாயிறு தேதி போட்டு வாங்கினால், நீங்கள் வந்து இறங்குவதற்கு முன்பே உங்கள் வண்டி போயிருக்கும்.

மயிலாடுதுறை - கோவை ஜன சதாப்தியை நம்பி ஏமாறாதீர்கள். அருமையான வண்டி, ஆனால் நம்முடைய வேலைக்குத் தலைகீழ். இங்கிருந்து மதியத்துக்கு மேல் கிளம்பி ராத்திரி கோவை சேரும். அங்கிருந்து காலையில் கிளம்பி இந்தப் பக்கம் வரும். சனிக்கிழமை மதியமே கிளம்பி கோவையில் ஓர் இரவு தங்குவதாக இருந்தால் மட்டும் அது சரி.

பஸ்ஸில் போகிறவர்கள் திருச்சி மாறிப் போக வேண்டும். திருச்சியில் இப்போது பஞ்சப்பூரில் புதிய பேருந்து நிலையம் வந்துவிட்டது. உங்கள் பஸ் எங்கே விடும், கோவை பஸ் எங்கே நிற்கும் என்று நடத்துநரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கோவையில் திருச்சிப் பக்கத்துப் பஸ்கள் சிங்காநல்லூரில் நிற்கும். அங்கிருந்தோ ரயில் நிலையத்திலிருந்தோ செட்டிப்பாளையத்துக்கு ஆட்டோ, கால் டாக்சி. நாலு பேர் சேர்ந்தால் செலவு கையைக் கடிக்காது. ஆட்டோக்காரரிடம் "கரி ஸ்பீட்வே" என்பதைவிட "செட்டிப்பாளையம் ரேஸ் டிராக்" என்றால் சட்டென்று புரியும்.

காரில் போவதென்றால் தஞ்சாவூரிலிருந்து ஏறத்தாழ 270 கிலோமீட்டர், ஐந்தரை ஆறு மணி நேரம். கும்பகோணத்திலிருந்து இன்னும் 40 கிலோமீட்டர் கூடும். திருச்சி வரை நல்ல சாலை. அதன் பிறகு குளித்தலை, மாயனூர் வழியாகக் கரூர் வரை காவிரியை ஒட்டியே போகும். பகலில் அழகு, விடியற்காலையில் ஆபத்து. மணல் லாரியும் வாழைத்தார் வண்டியும் எதிரே வரும். முந்தும்போது நிதானம் தேவை. கரூர் தாண்டி வெள்ளக்கோவில், காங்கேயம், பல்லடம். பல்லடத்திலிருந்து நகருக்குள் நுழையாமலே செட்டிப்பாளையம் போக வழி இருக்கிறது, அதையே பிடியுங்கள். கோவை நகரைச் சுற்றுவதில் முக்கால் மணி நேரம் போய்விடும்.

ஆனால் உண்மையான ஆபத்து கோவைச் சாலையில் இல்லை, நம்முடைய ஊரை விட்டு வெளியேறும் முதல் முப்பது கிலோமீட்டரில்தான். குறுவை அறுப்பு நேரமும் ரேஸ் சீசனும் ஒன்றாக வரும். கிராமத்துச் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயப் போட்டு, மேலே தார்ப்பாய் மூடி, பறக்காமல் இருக்க ஓரத்தில் கருங்கல் வைத்திருப்பார்கள். விடியற்காலை மூன்றரை மணிக்கு ஹெட்லைட் வெளிச்சத்தில் கறுப்புத் தார்ப்பாய் தார்ச்சாலையாகவே தெரியும். கல் தெரியவே தெரியாது. பின்விளக்கு இல்லாத டிராக்டரும் அறுவடை இயந்திரம் ஏற்றிய லாரியும் கூடவே. திருச்சிச் சாலை ஏறும் வரை நாற்பதுக்கு மேல் போகாதீர்கள்.

ஓட்டத் தெரிந்தவர் இரண்டு பேராவது காரில் இருக்க வேண்டும். வெயிலில் நாள் முழுக்க நின்றுவிட்டு ராத்திரி ஆறு மணி நேரம் ஒரே ஆள் ஓட்டுவது வேண்டாத வேலை. டீசலோ பெட்ரோலோ போகவர 540 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டு, சுங்கக் கட்டணத்தையும் சேர்த்து, கிளம்பும்போதே காசைப் பிரித்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது யாரும் பர்ஸைத் திறக்க மாட்டார்கள்.

வழியில் 'கும்பகோணம் டிகிரி காபி' என்று பித்தளைச் சொம்பு படம் போட்ட பலகைகள் வரிசையாக வரும். கும்பகோணத்துக்காரர்கள் அதில் காபி குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளவும்.

கையில் என்ன வேண்டும்

மூடிய செருப்பு அல்லது ஷூ. வேட்டி, லுங்கி, ரப்பர் செருப்போடு பிட் (டிராக்கை ஒட்டிக் கார்கள் வந்து நிற்கும் இடம்) பக்கம் விடமாட்டார்கள்; விட்டாலும் தரையில் சூடான உலோகத் துண்டு கிடக்கும். தொப்பி. மெடிக்கல் ஷாப்பில் விற்கும் நுரைப் பஞ்சுக் காதடைப்பான். குழந்தையோ வயதானவரோ கூட வந்தால் இது கட்டாயம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். புளிசாதமோ தயிர்சாதமோ கட்டிக்கொண்டால் நல்லது. மதிய இடைவேளையில் டிராக்கில் இருக்கும் கடையில் எல்லாரும் ஒரே நேரத்தில் முட்டுவார்கள்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நேரே அடிக்கிற பகுதி அது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று அள்ளிக்கொண்டு போகும். சிலுசிலுவென்று இருப்பதால் நம்முடைய ஊர் வெயில் மாதிரி உறைக்காது. ராத்திரி வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்க்கும்போதுதான் கழுத்து கறுத்திருப்பது தெரியும்.

உள்ளே போனதும்

காலை ஒன்பதுக்குள் போய்ச் சேருங்கள். போனவுடன் கேலரியில் இடம் பிடிக்க ஓடாதீர்கள். நேராகப் பேடாக் பக்கம் போங்கள். டீம்கள் கூடாரம் அடித்து வேலை செய்யும் இடம் அதுதான். அன்றைய 'தலைமையகம்' அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒரே குழப்பமாக இருக்கும். எந்தக் கார் எந்தப் பந்தயத்துக்கு என்றே புரியாது. பேராவூரணிப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம்: பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று தனித்தனியாக ஓட விடுகிறார்கள் அல்லவா, அதே ஏற்பாடுதான். ஒரே மாதிரி இன்ஜினும் சட்டகமும் கொண்டவை ஒரு பிரிவு. எல்ஜிபி ஃபார்முலா 4 என்பது மாருதி இன்ஜின் போட்ட ஒற்றை இருக்கைக் கார். கோவையில் அடிக்கடி கண்ணில் படும் பிரிவு அதுதான். கூரை உள்ள சாதாரணக் கார்கள் ஒரு பிரிவு, பைக்குகள் இன்னொரு பிரிவு. அட்டவணைத் தாளை வாசலில் ஒட்டியிருப்பார்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு டீமைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நில்லுங்கள். பத்து டீமை எட்டிப் பார்ப்பதைவிட ஒரே காரை காலை முதல் மாலை வரை பின்தொடர்வது மேல். வெற்றி பெறும் பெரிய டீமைவிட இரண்டு மூன்று பேர் மட்டுமே உள்ள சின்ன டீம் நல்லது. மறைக்க அவர்களிடம் அதிகம் இருக்காது, பேசவும் ஆசையாக இருப்பார்கள்.

என்ன பார்க்க வேண்டும்? நான் எல்லாருக்கும் சொல்வது நூலை. காரின் இரண்டு பக்கமும், முன்னிருந்து பின் வரை, சக்கர மையத்தின் உயரத்துக்கு மெல்லிய நூலை விறைப்பாகக் கட்டுவார்கள். இரண்டு நூலும் காருக்கும் ஒன்றுக்கொன்றும் இணையாக இருக்க வேண்டும். மெக்கானிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சின்ன எஃகு ஸ்கேலை வைத்து, நூலிலிருந்து ரிம்மின் முன் விளிம்பு வரை அளப்பார்; பிறகு பின் விளிம்பு வரை. இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். அந்த ஒரு மில்லிமீட்டர்தான் முன்சக்கரம் உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா என்று சொல்கிறது. ஸ்டியரிங் தண்டின் நட்டைத் தளர்த்தி அரைத் திருப்பு திருப்பி, மறுபடி அளப்பார். மூச்சுக்கூட நிதானமாக விடுவார். லட்சக்கணக்கில் செலவழித்த கார் நேராக ஓடுமா என்பதைப் பல சின்ன டீம்களில் இன்னமும் ஒரு பந்து நூல்தான் முடிவு செய்கிறது. அந்த நேரத்தில் நூலில் கால் பட்டுவிட்டால், உங்களை யாரும் திட்ட மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு உங்களோடு பேசவும் மாட்டார்கள்.

அடுத்து டயர். கார் சுற்றி முடித்துப் பிட்டுக்குள் வந்த உடனே ஒருவர் ஊசிமுனை வெப்பமானியோடு ஓடுவார். டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் குத்தி, ஒரு தாளில் எழுதிக்கொள்வார். நடுப்பகுதி மட்டும் அதிகச் சூடு என்றால் காற்று கூடுதல். உள்விளிம்பு அதிகச் சூடு என்றால் சக்கரம் தேவைக்கு மேல் உள்ளே சாய்ந்திருக்கிறது. ஒரு நிமிடம் தாமதித்தால் டயர் ஆறிவிடும், அளவும் பொய்யாகிவிடும். அதனால்தான் அந்த ஓட்டம். அந்த நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள். தாளில் எழுதி முடித்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்ததும் கேளுங்கள்.

பைக் டீம்கள் பக்கம் போனால், எண்ணெய் வடிக்கும் போல்ட்டைக் கவனியுங்கள். மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டியிருப்பார்கள். அதிர்வில் போல்ட் கழன்று எண்ணெய் டிராக்கில் சிந்தினால், பின்னால் வருகிற அத்தனை பேரும் விழுவார்கள். ரேடியேட்டரில்கூட கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரே ஊற்றுவதும் இதற்காகத்தான். கூலன்ட் சிந்தினால் தார் வழுக்கும். கார்களில் வெளிப்புறம் நீல முக்கோணத்துக்குள் மின்னல் படம் இருக்கும் இடம் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச். சிவப்பு வட்டத்துக்குள் ஆங்கில 'E' எழுத்து, தீயணைப்பானை இயக்கும் இடம். ஓட்டுநர் மயங்கிக் கிடந்தாலும் வெளியே இருந்து அணைக்க வேண்டும் என்பதற்காக.

கொடிகளில் இவ்வளவு தெரிந்தால் போதும்: மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக்கூடாது, நீலம் என்றால் வேகமானவர் பின்னால் வருகிறார், வழிவிடு, சிவப்பு என்றால் பந்தயம் நிறுத்தம், மஞ்சளும் சிவப்பும் பட்டை பட்டையாக இருந்தால் டிராக் வழுக்குகிறது. கறுப்புக்கொடியை யாருக்காவது காட்டினால் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள், சுவாரசியமான சண்டை ஏதாவது இருக்கும்.

செய்யக்கூடாதவை அதிகமில்லை. காரைத் தொடாதீர்கள், புகைக்குழாயும் பிரேக் டிஸ்க்கும் நின்ற பிறகும் வெகுநேரம் கொதிக்கும், மேல்கூடு உங்கள் சாய்வைத் தாங்காது. பெட்ரோல் கேன் பக்கத்தில் பீடி சிகரெட் கிடையாது. பிட் லேனைக் குறுக்கே கடக்காதீர்கள், சிறுவர்களை அங்கே விடவும் மாட்டார்கள். திறந்துபோட்ட இன்ஜின், லேப்டாப் திரை, அளவு எழுதிய தாள் மூன்றையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். எதிர் டீமின் ஆள் என்று சந்தேகம் வந்தால் அத்தோடு சரி.

பட்டறையைப் பார்க்கக் கேட்பது

பேச்சு எப்படியும் ஊரில்தான் ஆரம்பிக்கும்.

"தம்பி எங்கிருந்து வர்றீங்க?"

"தஞ்சாவூர்ப் பக்கங்க."

"அட, அவ்வளவு தூரமுங்களா! இதுக்குன்னேவா வந்தீங்க?"

"ஆமாங்க. ராத்திரி ரயில் ஏறிட்டோம்."

இதற்கு மேல் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். தூரத்திலிருந்து வந்தவர் என்று தெரிந்தாலே கொங்குப் பக்கத்து ஆட்கள் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். உங்களைவிடச் சின்னப் பையனாகத் தெரிந்தாலும் 'ங்க' போட்டே பேசுங்கள். அங்கே மெக்கானிக் பெஞ்சில் இருபது வயசுப் பையன்தான் தலைமை ஆளாக இருப்பான்.

ஆனால் பட்டறையைப் பார்க்கும் ஆசையைப் பந்தயத்துக்கு முன் வாயில் எடுக்காதீர்கள். கடைசிப் பந்தயம் முடிந்து, கார் லாரியில் ஏறும் நேரம்தான் சரி. வென்றிருந்தால் சந்தோஷத்தில் 'சரி' என்பார்கள். கார் உடைந்திருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். சாமான் ஏற்றும்போது ஒரு டயரையாவது தூக்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டால் பலன் அதிகம். அன்றே பட்டறைக்குக் கூட்டிப் போகமாட்டார்கள், லாரி போய் இறங்கவே ராத்திரி ஆகும். போன் நம்பர் கிடைத்தால் போதும்.

மழை வந்து பந்தயம் தள்ளிப்போனாலோ, உள்ளே விடாமல் போனாலோ, கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது. பழைய கார்கள் வரிசையாக நிற்கும். இரண்டு மணி நேரம் நன்றாகப் போகும். திறந்திருக்கும் நாளா என்று மட்டும் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருங்காட்டுக்கோட்டை போகிறவர்களுக்கு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக இரவில் போகும் உழவன் எக்ஸ்பிரஸ். எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்கிப் பூந்தமல்லி போய், ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்தால் இருங்காட்டுக்கோட்டையில் இறங்கலாம். ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கும் அதே இடம், தவறவிட முடியாது. டிராக் பெரியது என்பதால் எல்லா வளைவும் கண்ணில் படாது. பிட் பக்கமும் முதல் வளைவும் தெரியும்படி இடம் பிடியுங்கள். திரும்பவும் உழவன்தான். மற்றதெல்லாம் மேலே சொன்னதே.

திரும்பி வந்த பிறகு

நம்பர் கொடுத்தவருக்குத் திங்கள்கிழமை போன் பண்ணாதீர்கள். அன்றைக்கு அவர்கள் தூங்குவார்கள் அல்லது உடைந்ததைக் கணக்கெடுப்பார்கள். செவ்வாய், புதனில் ஒரு வாட்ஸ்அப் செய்தி: யார், எந்த ஊர், ஞாயிறன்று எங்கே பார்த்தோம், எத்தனை பேர் வர ஆசைப்படுகிறோம். கூடவே நீங்கள் எடுத்த படங்களில் அவர்களுடைய கார் நன்றாக விழுந்த இரண்டை அனுப்புங்கள். சின்ன டீம்களில் எல்லாருடைய கையிலும் ஸ்பேனர் இருக்கும், கேமரா இருக்காது. ஓடும் காரின் நல்ல படம் அவர்களிடம் பெரும்பாலும் கிடையாது. அடுத்த பந்தயத்துக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும் நாட்களில் வரச் சொல்வார்கள். அப்போது இன்ஜின் பிரித்துக் கிடக்கும். பட்டறையைப் பார்க்க அதுதான் நேரம். ஒரு வார நாளாக இருக்கும், லீவு போட வேண்டியிருக்கும், அதை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.